ஊருணி வண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஊருணிக்கரையை ஒட்டி இருக்கிறது. ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்ததும் தெருப் பிள்ளைகள் பாட்டிலில் எதையாவது பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். சென்னையிலிருந்து விசேஷத்துக்கு வந்தவர்கள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், விழுந்து கிடந்ததைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அது நீர்வண்டாகத்தான் இருக்கும். நானும் படிப்பால் பூச்சிக்காரன் இல்லை; பார்த்தும் வளர்த்தும் படித்தும் தெரிந்துகொண்டதுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. "தண்ணிக்குள்ள நீந்துது, ராத்திரி பறந்தும் வருது. இது வண்டுதானா, வேற ஏதும் பூச்சியா?"

வண்டுதான். சாணியை உருட்டும் வண்டுக்கும் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கும் சொந்தம். முன் இறக்கை இரண்டும் ஓடு மாதிரி கெட்டிப்பட்டு, முதுகின் நடுவில் ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்திருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் வண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பறக்கிற இறக்கை ஓட்டுக்கு அடியில் மடிந்து கிடக்கும்.

வாழ்க்கை நாலு கட்டம்: முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு. வண்ணத்துப்பூச்சிக்கு உள்ள அதே வரிசைதான். நம் ஊருணியில் கண்ணில் படுகிற பெரிய இனங்களுக்கு இதில் மூன்று கட்டம் தண்ணீரில் கழியும், ஒன்று மட்டும் மண்ணில். அந்த ஒன்று தெரியாமல்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. 10-வது கேள்வியில் விவரமாகச் சொல்லியிருக்கிறேன்.

2. "நம்ம ஊருணியில எத்தனை தினுசு இருக்கு?"

சின்னதும் பெரிதுமாக நிறைய. சும்மா கரையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மூன்று கூட்டத்தைப் பிரித்துத் தெரிந்தால் போதும்.

முதலாவது முக்குளி வண்டு. டைடிஸ்கிடே குடும்பம், உலகம் முழுக்க 4,000 இனத்துக்கு மேல் உண்டு. நம் பக்கம் பெரிதாகத் தெரிவது சிபிஸ்டர். பச்சை கலந்த கறுப்பு, ஓரத்தில் மஞ்சள் கரை வைத்த மாதிரி இருக்கும். இது வேட்டைக்காரன். இரண்டாவது ஹைட்ரோஃபிலிடே குடும்பத்துக் கறுப்பு வண்டு. பெரியது கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வரும், மரச்சீப்பு மாதிரிப் பளபளக்கும். வளர்ந்த பின் அழுகின இலை, பாசி என்று மேய்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது சுழல் வண்டு, ஜைரினிடே குடும்பம். தண்ணீர் மேல் கூட்டமாகக் கிறுகிறுவென்று சுற்றுமே, அதுதான். அதன் கண் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல்பாதி வானத்தைப் பார்க்கும், கீழ்பாதி தண்ணீருக்குள் பார்க்கும்.

முதல் இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கண்ணாடி பாட்டிலில் விட்டுவிட்டு அது மூச்சுக்கு மேலே வரும்வரை காத்திருங்கள். முக்குளி வண்டு தலைகீழாகத் தொங்கி வால் நுனியை மட்டும் வெளியே நீட்டும். காற்று ஓட்டுக்கு அடியில் போய்ச் சேரும். கறுப்பு வண்டு தலைப்பக்கமாக வந்து உணர்கொம்பால் மேல்பரப்பைக் கிழித்துக் காற்றை இழுக்கும். அது வயிற்றடியில் வெள்ளித்தாள் ஒட்டின மாதிரி மின்னும். நீச்சலும் வேறு வேறு. முக்குளி பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துடுப்புப் போடும். கறுப்பு வண்டு மாற்றி மாற்றி உதைக்கும், நடக்கிற மாதிரி.

3. "தண்ணியில இருக்கிறது எதுக்கு ராத்திரி வளவுல வந்து விழுது?"

கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரைக்கும் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. மழை பெய்ததும் புதுத்தண்ணீர் தேடி இவை கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. வழியில் விளக்கு இழுத்துவிடுகிறது.

விளக்கு மட்டும் காரணம் இல்லை. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரே திசையில், கிடைமட்டமாக அதிரும். நம் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நீர்ப்பூச்சிகளுக்குத் தெரியும். "இது தண்ணீர்" என்று அதை வைத்துத்தான் முடிவு கட்டுகின்றன. பளபளப்பான கருந்தரையும் வெளிச்சத்தை அப்படித்தான் திருப்பும். ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் குழுவினர் கறுப்பு, சிவப்புக் கார்கள் மேல் நீர்ப்பூச்சிகள் ஏன் இறங்குகின்றன என்று ஆராய்ந்து 2006-இல் இதையே சொன்னார்கள். தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆன ஆத்தங்குடிக் கல் மேல் தலைகுப்புற விழுந்து உருளும் வண்டைப் பார்த்தால் எனக்கு அந்தக் கார்கள்தான் ஞாபகம் வரும். எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, காலையில் ஊருணியில் விட்டுவிடுங்கள்.

4. "சித்திரையில ஊருணி கட்டாந்தரையா ஆயிருதே, அப்ப எங்க போகும்?"

பெரும்பாலும் பறந்துவிடும், தண்ணீர் நிற்கிற அடுத்த கண்மாய்க்கு, குட்டைக்கு, கிணற்றுக்கு. சில இனங்கள் ஈரச் சேற்றுக்குள் ஒளிந்து கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். புழுவுக்கு அந்த வசதி கிடையாது, இறக்கை இல்லையே. தண்ணீர் வற்றுவதற்குள் கரையேறாத புழு காக்கைக்கும் கொக்குக்கும்தான்.

5. "ஆணா பொண்ணான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முக்குளி வண்டில் ரொம்ப லேசு. முன்னங்காலைப் பாருங்கள். ஆணுக்குப் பாதம் அகன்று சின்னத் தட்டு மாதிரி இருக்கும். அதன் அடியில் வரிசையாக உறிஞ்சு கிண்ணங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால், குளியலறைச் சுவரில் ஒட்டும் ரப்பர்க் கொக்கிகளைக் குட்டியாக்கி அடுக்கின மாதிரி தெரியும். பெண்ணுக்குப் பாதம் ஒல்லியாக இருக்கும். பல இனங்களில் பெண்ணின் முதுகு ஓட்டில் ஊசியால் கீறினது போலச் சிறுசிறு கோடுகளும் இருக்கும். ஆண் முதுகு வழவழ.

பெரிய கறுப்பு வண்டில் கிண்ணம் எதுவும் இல்லை. ஆணின் முன்னங்கால் கடைசிக் கணு மட்டும் முக்கோணமாகத் தட்டையாகியிருக்கும்.

6. "ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு விடவே மாட்டேங்குது. சண்டையா?"

சேர்க்கை. சண்டை என்றாலும் தப்பில்லை. ஆண் திடுமென்று பாய்ந்து, 5-இல் சொன்ன கிண்ணங்களால் பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பெண் வேகமாக நீந்தி உதறப் பார்க்கும். தண்ணீருக்குள் ரொம்ப நேரம் பிடிபட்டால் பெண்ணுக்கு மூச்சுக்கு மேலே வருவதே சிரமம், அதனால் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

பெண்ணின் முதுகில் உள்ள கோடுகள் எதற்கு? ஆணுக்குப் பிடிமானமாக இருக்கத்தான் என்று 1871-இல் டார்வின் எழுதினார். இன்றைக்கு ஆய்வாளர்கள் பலரும் நேர் எதிராகச் சொல்கிறார்கள்: சொரசொரப்பான இடத்தில் உறிஞ்சு கிண்ணம் ஒட்டாது, ஆகவே அது பெண்ணின் தற்காப்பு. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. அந்த ரப்பர்க் கொக்கியைச் சொரசொரச் சுவரில் ஒட்டிப் பாருங்களேன்.

7. "முட்டை எங்க போடும்? இத்தனை வருசத்துல ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே?"

பார்க்க முடியாத இடத்தில் போடுவதால்தான். சிபிஸ்டர் மாதிரியான முக்குளி வண்டு, வயிற்று நுனியில் உள்ள கத்தி போன்ற உறுப்பால் நீர்ச்செடித் தண்டைக் கீறி, கீறலுக்கு ஒரு முட்டையாகச் செருகிவிடும். தண்டுக்குள் ஈரமும் பத்திரமும் கிடைக்கிறது. ஊருணியைச் "சுத்தம்" செய்கிறோம் என்று செடியை எல்லாம் வழித்து எடுத்துக் கரையில் காயப்போட்டால் முட்டையும் சேர்ந்து காய்ந்துவிடும். சுழல் வண்டு நீருக்குள் இருக்கும் செடிமேல் ஒட்டிவிட்டுப் போகும்.

கறுப்பு வண்டு செய்வதுதான் அதிசயம். அதற்கு வயிற்று நுனியிலிருந்து பட்டு நூல் வரும். மிதக்கும் இலைக்கு அடியில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பை நெய்து, உள்ளே டஜன் கணக்கில் முட்டைகளை நிறுத்தி அடுக்கி, வாயை மூடி, மேலே பாய்மரம் மாதிரி ஒரு குச்சியையும் நெய்து நிமிர்த்தி வைக்கும். முட்டைக்குக் காற்று போக அந்தக் குச்சி உதவுகிறது என்கிறார்கள். அழுக்கு வெள்ளையில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக அல்லி இலையோரம் மிதந்தால் பஞ்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதே குடும்பத்தில் சில குட்டி இனங்கள் முட்டைப்பையைத் தம் வயிற்றடியிலேயே ஒட்டிவைத்துக்கொண்டு திரியும்.

8. "முதுகு பூரா முட்டையைச் சுமந்துக்கிட்டுப் போனதை நானே பார்த்தேன். நீங்க தண்டுக்குள்ள போடும்ங்கிறீக?"

நீங்கள் பார்த்தது நிஜம், ஆனால் அது வண்டு இல்லை. மூட்டைப்பூச்சி கூட்டத்தைச் சேர்ந்த நீர்ப்பூச்சி. 1-இல் சொன்ன நேர்க்கோடு அதன் முதுகில் இருக்காது. இறக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருக்கும். வாய் ஊசி மாதிரி இருக்கும். இன்னொன்று, முட்டையைச் சுமப்பது அப்பா. பெண் வந்து ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரியும்வரை அவர்தான் காற்றும் தண்ணீரும் காட்டிக்கொண்டு அலைவார். இந்தப் பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவமும் கிடையாது. குஞ்சு பிறக்கும்போதே அப்பா ஜாடையில் இருக்கும்.

9. "கொடுக்கு வச்ச புழு ஒண்ணு வால மேல தூக்கிக்கிட்டு தொங்குது. அது என்ன? கடிக்குமா?"

அதுதான் முக்குளி வண்டின் புழு. நீளமான உடம்பு, தட்டைத்தலை, முன்னால் அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடை. வாலைத் தூக்கியிருப்பது மூச்சுக்கு. கடிக்கும், நன்றாகவே வலிக்கும். பிள்ளைகளிடம் கரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள்.

தாடைக்குள் குழாய் ஓடுகிறது. தலைப்பிரட்டையைக் கவ்வியதும் அந்தக் குழாய் வழியே செரிமானச் சாற்றை உள்ளே செலுத்தும்; சதை கரைந்து கூழானதும் அதே குழாயால் உறிஞ்சிவிடும். மிஞ்சுவது தோல்தான். கறுப்பு வண்டின் புழுவுக்கு இந்தக் குழாய் இல்லை. சாற்றை வெளியே விட்டால் தண்ணீரில் கரைந்து வீணாகிவிடும். அதனால் பிடித்த இரையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிடும். அதற்குப் பிடித்தது நத்தை. வளர்ந்தபின் பாசி மேய்கிற சாது, சின்ன வயசில் இப்படி.

சுழல் வண்டுப் புழு ஆழத்திலேயே கிடக்கும், பூரான் மாதிரி. இரண்டு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் உண்டு, அதனால் மேலே வரத் தேவையில்லை.

10. "கூட்டுப்புழு தண்ணிக்குள்ள எங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்? தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

தண்ணீருக்குள் தேடினால் கிடைக்காது. புழு இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தில் தின்று கொழுத்ததும் இரையை நிறுத்திவிடும். அப்புறம் கரையேறும். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த ஜீவன், நடக்கத் தெரியாமல் நெளிந்து நெளிந்து மேலேறி, ஈரமண்ணில் தலையால் குடைந்து உள்ளே போகும். உள்ளே நெல்லிக்காய் அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ வெற்றிடம் ஆக்கி, சுவரை அழுத்தி வழவழப்பாக்கிக்கொண்டு, அங்கேதான் கூட்டுப்புழுவாக மாறும். சுழல் வண்டுப் புழுவும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துதான் சேற்றுக்கூடு கட்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாவத்தின் மூலம். முதல் வருடம் ஒரு சிபிஸ்டர் புழுவை எவர்சில்வர் பேசினில் வளர்த்தேன். மூன்றாவது வாரம் திடீரென்று இரையைத் தொடவில்லை. இரண்டு நாள் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏறும், வழுக்கி விழும், மறுபடி ஏறும். உடம்பு சரியில்லை போல என்று தண்ணீர் மாற்றினேன், மீன் துண்டு போட்டேன். மூன்றாம் நாள் செத்து மிதந்தது. அது தேடியது ஒரு கைப்பிடி மண். அடுத்த வருடம் தொட்டிக்குள் ஒரு பூச்சட்டியில் வண்டல் நிரப்பிச் சாய்வாக வைத்தேன். அன்று இரவே ஏறி உள்ளே போய்விட்டது.

11. "பத்துப் புழு ஒரே தொட்டியில விட்டேன், காலையில ரெண்டுதான் இருந்துச்சு. யாரும் எடுத்துட்டாகளா?"

ஒன்றையொன்று தின்றிருக்கும். ஆளுக்கு ஒரு டப்பா வையுங்கள்.

12. "முட்டையிலேர்ந்து வண்டாக எத்தனை நாள் ஆகும்? அப்புறம் எத்தனை நாள் இருக்கும்?"

தண்ணீர்ச் சூட்டையும் இரையையும் பொறுத்தது. நம் வெயிலில் பெரிய முக்குளி வண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம். முட்டை ஒரு வாரம் பத்து நாள், புழு மூன்று நாலு வாரம், மீதி மண்ணுக்குள். மழைக்கு நிறைந்த ஊருணி இத்தனை நாள் நின்றால் ஒரு தலைமுறை தேறிவிடும்.

கூட்டை உடைத்ததும் வண்டு உடனே கிளம்பாது. வெளுத்து, அமுக்கினால் குழியும் மெத்தென்ற உடம்போடு சில நாள் உள்ளேயே இருந்து, நிறமேறிக் கெட்டியான பிறகுதான் தண்ணீருக்கு வரும். அதன்பின் ஆயுள் ஒரு வருடத்துக்கு மேல்; தொட்டியில் இரண்டு மூன்று வருடம் இருப்பதும் உண்டு.

13. "கொசுப்புழுவைத் தின்னும்னா வளவுல அண்டாத் தண்ணிக்குள்ள ரெண்டு விட்டுரலாமா?"

தின்னும், ஆனால் நிற்காது. அன்றிரவே பறந்துவிடும். அப்படியே இருந்து முட்டையிட்டாலும், 7-இல் சொன்ன தண்டுக்கும் 10-இல் சொன்ன மண்ணுக்கும் அண்டாவில் எங்கே போகும்? போதாததற்கு, கையில் பிடித்தால் தலைக்குப் பின்னாலிருந்து பால் மாதிரி ஒரு திரவத்தைக் கசியவிடும். மீனும் தவளையும் தன்னைத் தின்னாமலிருக்க வைத்திருக்கும் சரக்கு, நாற்றம் கையை விட்டுச் சீக்கிரம் போகாது. குடிக்கிற தண்ணீரில் அது வேண்டாம். அண்டா வாயில் வெள்ளைத்துணி கட்டுங்கள்.

14. "மீன்குஞ்சு விட்டோம், வண்டும் புழுவும் சேர்ந்து காலி பண்ணிருச்சு. மருந்து இருக்கா?"

குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குட்டையில் இது உண்மையான நஷ்டம். பண்ணைக்காரர்கள் பழைய முறை ஒன்றைச் செய்வார்கள்: ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்து, குஞ்சு விடுவதற்கு முன் காற்றில்லாத நேரத்தில் மேல்பரப்பில் தெளிப்பது. எண்ணெய்ப்படலம் மூச்சுக்கு வரும் பூச்சிகளை அடைத்துவிடும். 2-இலும் 9-இலும் பார்த்தபடி எல்லாம் மேலே வந்தாக வேண்டியவைதானே. செவுள் உள்ள சுழல் வண்டுப் புழுவை இது அவ்வளவாகத் தொடாது. ஊர் குடிக்கிற, குளிக்கிற ஊருணியில் இந்த வேலையே கூடாது. அங்கே குஞ்சுகளைக் கொஞ்சம் பெரிதாக்கி விடுங்கள், போதும்.

15. "தவளை முழுங்கின வண்டு பின்பக்கமா உயிரோட வந்துருமாம், வாட்சப்புல வந்துச்சு. கதைதானே?"

நானும் கதை என்றுதான் நினைத்தேன். உண்மை. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்ஜி சுகியுரா 2020-இல் வெளியிட்டார். ரெகிம்பார்ட்டியா அட்டெனுவேட்டா என்ற குட்டி வண்டு, 2-இல் சொன்ன கறுப்பு வண்டின் குடும்பம். தவளைக்குக் கொடுத்ததில் 90 சதவீதத்துக்கு மேல் ஆசனவாய் வழியாக உயிரோடு வந்தன, பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள். ஒன்று ஆறே நிமிடத்தில் வந்துவிட்டது. காலை மெழுகால் ஒட்டிவிட்டவை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆக, அவை குடலுக்குள் நடந்தேதான் வெளியே வருகின்றன.

16. "வண்டு இருந்தா தண்ணி நல்ல தண்ணின்னு எங்க ஆச்சி சொல்லுவாக. சரியா?"

பாதி சரி. வண்டும் புழுவும் இருக்கிறதென்றால் பூச்சிமருந்தோ சோப்புத் தண்ணீரோ அதிகம் கலக்கவில்லை, இரை இருக்கிறது, செடி இருக்கிறது என்று அர்த்தம். கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. ஆச்சி சொன்னதற்காகக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். காற்றை மேலிருந்தே எடுப்பதால் கொஞ்சம் கெட்டுப்போன தண்ணீரிலும் இவை சமாளிக்கும்.

17. "ஊருணிக்கு நாலு பக்கமும் சிமெண்ட்டுச் சுவர் வைக்கப்போறாக. வண்டு இருக்குமா?"

வண்டு இருக்கும், புழு தேறாது. வண்டு வேறு கண்மாயிலிருந்து பறந்து வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். அது இட்ட முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கரையேறும் அன்றைக்கு என் எவர்சில்வர் பேசின் கதைதான். சொரசொரப்பான செம்புறாங்கல் படி பரவாயில்லை, சரிவும் இடுக்கில் மண்ணும் இருக்கும். வழுவழுவென்று செங்குத்தாக நிற்கும் சுவரில் புழுவால் ஏற முடியாது.

எங்கள் ஊருணியில் மூன்று பக்கம் படி, வரத்துக்கால் வந்து சேரும் பக்கம் மட்டும் வெறும் மண்கரை. பெரியவர்கள் வண்டுக்காக விட்டதில்லை, தண்ணீர் வர வழி வேண்டும் என்று விட்டது. நான் புழு கரையேறிய தடம் பார்த்ததெல்லாம் அந்த இருபது அடிக்குள்தான். கூட்டத்தில் கேட்டால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். செலவும் குறையும், அதைச் சொன்னால் கேட்பார்கள்.

18. "அந்த மண்ணைத் தோண்டினா கூட்டுப்புழுவைப் பார்க்கலாமா?"

பார்க்கலாம், ஆனால் அறை உடைந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நான் ஒரு முறை, 10-இல் சொன்ன பூச்சட்டியில், ஓரமாக மண் தானாகச் சரிந்தபோது பார்த்தேன். பால்கோவா நிறத்தில், கால்களை மார்போடு மடித்துக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் கறுத்திருந்தது. விரல் நிழல் பட்டதும் இடுப்பை ஒரு தடவை சுழற்றியது. ஈரமண்ணைத் தட்டி மூடிவிட்டேன். பதினோராம் நாள் காலை சட்டியில் ஒரு துளை இருந்தது, தொட்டிக்குள் வால் நுனியை மேலே நீட்டிக்கொண்டு ஒரு வண்டு தொங்கியது.